மீட்கத்தக்க தரை: மொசைக்கின் மேல் கார்ப்பெட் டைல்

பழைய தரையின் மேல் புதுத் தரை போடும் எந்த முறையையும் வேலை முடிந்த நாளிலேயே மதிப்பிடுவது எளிது. அதனாலேயே அந்த மதிப்பீடு பயனற்றது. ஒட்டி முடித்து, ஓரம் வெட்டி, விளக்கைப் போட்டுப் பார்க்கும் மாலையில் எல்லாத் தரையும் நன்றாகத்தான் இருக்கும். கார்ப்பெட் டைலுக்கான உண்மையான சோதனை சில ஆண்டுகள் கழித்து, காப்பி கொட்டிக் கறைபட்ட ஒரே ஒரு சதுரத்தைக் கிளப்ப வேண்டிவரும் நாளில் நடக்கிறது. பக்கத்துச் சதுரங்களைக் குலைக்காமல் அது எழுகிறதா? எழுந்த இடத்தில் தெரியும் பழைய தரை, மூடப்பட்ட நாளில் இருந்தபடியே இருக்கிறதா? இவ்விரண்டிலும் தோற்கும் வேலையை, மேற்பரப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், தேறிய வேலையாக நான் ஏற்பதில்லை.

இந்த அளவுகோல் வெளியிலிருந்து கொண்டுவந்து சுமத்தியது அன்று. கார்ப்பெட் டைல் என்னும் வடிவத்துக்குள்ளேயே இருப்பது. சுருளாக வரும் கார்ப்பெட் ஓர் அறையை ஒரே துணியாக மூடிவிடும். இணைப்புகள் குறைவு, பார்வைக்கு ஒருமை அதிகம். அந்த ஒருமையை விட்டுக்கொடுத்து 50 செ.மீ. சதுரங்களாகத் துண்டுபோட ஒரே நியாயம்தான் உண்டு: ஒவ்வொரு துண்டும் தனித்து வரவும் தனித்துப் போகவும் வேண்டும். 1950களில் நெதர்லாந்தின் ஹூகா நிறுவனம் விலங்கு ரோமத்தை அமுக்கிச் செய்த சதுரங்களை விற்றபோதே இந்த நியாயம் உருவாகிவிட்டது. 1973இல் ரே ஆண்டர்சன் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது அது அலுவலகத் தேவையோடு இணைந்தது. மேசைகள் இடம் மாறும், தடுப்புகள் எடுக்கப்படும், தரைக்கடியில் கம்பிகள் ஓடும். தரையும் அந்த மாற்றங்களுக்கு வழிவிட வேண்டும். 1988இல் ஹூகாவையே இன்டர்ஃபேஸ் வாங்கிக்கொண்டது. அதன்பின் வந்த முன்னேற்றங்கள் எல்லாம் நூல், சாயம், அடிப்பாகம், ஒட்டும் வழி ஆகியவற்றைப் பற்றியவை. அடிப்படை வாக்கு மாறவில்லை.

அந்த வாக்கைத் தாங்குவது மேலே தெரியும் நூல் அன்று, கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகம். பிவிசியோ பிட்டுமினோ, இப்போது கூடிவரும் பிற பாலிமர்களோ, நடுவே கண்ணாடி இழை விரிப்பைப் பொதிந்துகொண்டு டைலுக்குக் கனத்தையும் நிலைத்த அளவையும் தருகின்றன. ஒரு நல்ல சதுரம் ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். கையில் பிடித்தால் தொய்யாது, தரையில் வைத்தால் ஓரம் எழாது. வெப்பத்திலும் ஈரத்திலும் அளவு மாறாமல் இருப்பதால்தான் பசையின் துணையின்றியே பெருமளவு தன் இடத்தில் கிடக்கிறது. இங்கேயே முதல் தரப்பிரிவு நிகழ்ந்துவிடுகிறது. நைலான் நூலும் கண்ணாடி இழை அடிப்பாகமும் கொண்ட டைலுக்கும், மெல்லிய அடிப்பாகத்தில் பாலிபுரொபிலீன் நூல் கோத்த மலிவான டைலுக்கும் கடையில் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. நடமாட்டத்தில் தெரியும். நைலான் மிதிபட்டாலும் நிமிரும். பாலிபுரொபிலீன் மிதிபட்ட வழியிலேயே படுத்துவிடும், எண்ணெய்க் கறையையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். மலிவான டைலின் ஓரங்கள் சுருள்வதைத் தடுக்கக் கடும் பசை போட வேண்டிவருகிறது. கடும் பசை போட்டால் வடிவத்தின் நியாயமே போய்விடுகிறது. பொருளின் குறையை முறையால் ஈடுகட்ட முனையும்போது இரண்டுமே கெடுவதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இனிப் பழைய தரை. சென்னையின் பழைய அலுவலகக் கட்டடங்களில் மிகுதியாகக் கிடைப்பது மொசைக். தளத்திலேயே வார்த்தது என்றால் பளிங்குச் சில்லும் சிமென்டும் கலந்த மேல்படலம் ஏறத்தாழ 6 முதல் 12 மி.மீ. வரை, அதைக் கட்டங்களாகப் பிரிக்கும் கண்ணாடிப் பட்டையோ உலோகப் பட்டையோ இருக்கும். வார்த்த டைலாக வந்தது என்றால் பெரும்பாலும் 25 செ.மீ. சதுரம். இரண்டையுமே கார்பரண்டம் கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். இத்தகைய தரையைவிடச் சிறந்த அடித்தளம் கார்ப்பெட் டைலுக்குக் கிடைப்பது அரிது. கெட்டி, தேய்த்தே மட்டமாக்கப்பட்டது, தூசி கிளப்பாதது, பல ஆண்டுகள் கிடந்து சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடித்தது. புதிதாக ஊற்றிய கான்கிரீட் உலர்வதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதும் இங்கே இல்லை. உடைத்தெடுத்துக் குப்பை ஏற்றி, தூசியிலும் இரைச்சலிலும் மேல்மாடியையும் கீழ்மாடியையும் வாட்டுவதோடு ஒப்பிட்டால், மொசைக்கின் மேலேயே போடுவது சிக்கனத்தாலும் நியாயத்தாலும் மேலான தேர்வு. இது வரை முறைக்கு முழு மதிப்பெண்.

ஆனால் மொசைக்கின் நற்குணங்கள்தாம் அதன் மேல் ஒட்டுபவரை ஏமாற்றுபவையும். முதலாவது, மெழுகு. ஆண்டுக்கணக்கில் ஏறிய மெழுகுப் பாலிஷ் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நிற்கும். பசை தரையைப் பற்றாமல் அந்த மெழுகையே பற்றும். ஒரு துளி தண்ணீரை விட்டுப் பார்த்தாலே புரியும். துளி பரவாமல் முத்துப்போல் நின்றால் மெழுகு போகவில்லை. அதைக் கழுவி எடுக்காமல் போட்ட வேலை சில மாதங்களில் மூலைமூலையாக நகரத் தொடங்கும். இரண்டாவது, மட்டம். தேய்த்த தரை வழவழப்பாக இருக்கும், ஆனால் வழவழப்பு மட்டத்துக்குச் சான்று ஆகாது. கழிவறை ஓரமாகவோ வராந்தாவை நோக்கியோ கழுவுநீர் ஓட வேண்டும் என்று கொத்தனார் அன்றே வாட்டம் கொடுத்திருப்பார். இரண்டு மீட்டர் மட்டப்பலகையைத் தரையில் கிடத்தி அடியில் எத்தனை மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிகிறது என்று பார்ப்பதே சரியான ஆய்வு. பிரிட்டிஷ் தரநிலை மிக உயர்ந்த தரத்துக்கு 3 மி.மீ., நடுத்தரத்துக்கு 5 மி.மீ. என்று எல்லை வகுக்கிறது. மென்மையாக வழியும் வாட்டத்தைக் கார்ப்பெட் டைல் பொறுத்துக்கொள்ளும் என்பதால் இந்த இரண்டாவது எல்லையே இங்கே போதும். சட்டென்று எழும் படியை அது பொறுக்காது. உத்திரத்தின் மேல் ஓடும் விரிசலில் ஒரு பக்கம் தூக்கி நின்றால், 6 அல்லது 7 மி.மீ. கனமுள்ள டைல் அந்தத் தூக்கலை நாளடைவில் மேலே காட்டிவிடும். விளக்கொளி சாய்வாக விழும் ஜன்னலோரத்தில் இன்னும் முன்னதாகவே காட்டும்.

விரிசலை வெட்டித் திறந்து நிரப்புவதும், தூக்கலைத் தேய்ப்பதும், குழிகளுக்கு லெவலிங் காம்பவுண்ட் ஊற்றுவதும் இந்த முறையின் அரைப்பங்கு வேலை. ஒப்பந்தப்புள்ளியில் அவை ஒரு வரியாகக்கூட வருவதில்லை. டைலின் நிறத்துக்கு நான்கு கூட்டம் நடக்கிறது. அடித்தளத்தின் நிலைக்கு ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. நம் ஊரில் இந்த முறை அடையும் தோல்விகளில் பெரும்பகுதி இந்த அலட்சியத்தில் பிறக்கிறது, முறையின் இயல்பிலிருந்து வருவதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 'கார்ப்பெட் டைலே நமக்கு ஒத்துவராது' என்று ஒதுக்குவது சோம்பலான தீர்ப்பு.

ஒத்துவராத இடம் ஒன்று உண்டு, அது ஈரம். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். மேல்மாடித் தளத்தில் இருபக்கமும் காற்றுப்படும் கான்கிரீட் பலகை பல ஆண்டுகளில் நன்றாக உலர்ந்திருக்கும். தரைத்தளத்தின் கதை வேறு. மண்ணின் மேல் நேரே கிடக்கும் பழைய தளங்களில் ஈரத்தடுப்புப் படலம் பெரும்பாலும் இருக்காது. மண்ணின் ஈரம் ஆவியாக மேலேறி, மொசைக்கின் நுண்துளைகள் வழியாக அறைக்குள் கலைந்துகொண்டே இருக்கும். அது கலைவதால்தான் நமக்குத் தெரிவதில்லை; தரை காய்ந்திருப்பதாக நினைக்கிறோம். பிவிசி அடிப்பாகம் அந்த வழியை அடைத்தவுடன் ஈரம் டைலுக்கும் மொசைக்குக்கும் நடுவே தேங்குகிறது. சிமென்டின் காரத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருவதால் நீரில் கரையும் அக்ரிலிக் பசை மெல்ல மெல்லக் கூழாகிறது. பிறகு நாற்றம், அதன் பின் பூஞ்சை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறும்போது இது தீவிரமாகும். வார இறுதியில் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டும் அலுவலகங்களில் இன்னும் தீவிரமாகும்.

இதை முன்கூட்டி அறிய வழிகள் உண்டு. கான்கிரீட்டில் துளையிட்டு, ஒருபக்கம் மட்டும் உலரும் பலகையானால் அதன் கனத்தில் 40 விழுக்காடு ஆழத்தில் உணரியைப் பொருத்தி உள்ளீரத்தை அளப்பது அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் எஃப் 2170 சொல்லும் வழி. பிரிட்டிஷ் வழக்கில் 75 விழுக்காட்டு ஒப்பீரப்பதம் எல்லை. அந்தக் கருவி கிடைக்காத வேலைத்தளத்துக்கும் ஓர் எளிய வழி இருக்கிறது: ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு, அடியில் வியர்த்திருக்கிறதா, தரை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பது. இதுவும் ஏஎஸ்டிஎம் தரநிலையாக எழுதப்பட்ட முறையே. குறை என்னவெனில் இது அன்றைய நிலையை மட்டும் சொல்லும். ஏப்ரலில் தேறிய தரை நவம்பரில் தேறும் என்பதற்கு அது உறுதி தராது. தரைத்தளம் என்றால் மழைக்காலத்தில் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு நேரமில்லை என்றால் அந்த இடத்துக்கு இந்த முறை வேண்டாம்.

வெள்ள அபாயமுள்ள இடங்களுக்கு இன்னொரு கண்டிப்பும் சேர்கிறது. தூக்கி உலர்த்திக்கொள்ளலாம் என்பது கார்ப்பெட் டைலின் சாதகமாக அடிக்கடி சொல்லப்படுகிறது. குளிர்சாதனக் குழாய் ஒழுகியது, குடிநீர்க் கேன் கவிழ்ந்தது என்றால் அது உண்மை. 2015 டிசம்பரில் சென்னைக்குள் புகுந்தது போன்ற, கழிவுநீர் கலந்த வெள்ளத்துக்கு அது பொருந்தாது. அந்த நீர்பட்ட கார்ப்பெட்டை எறிவதே முறை. அடியிலிருந்த மொசைக் கழுவியதும் பிழைத்துக்கொள்ளும். அடையாற்றங்கரையிலோ கூவக்கரையிலோ தரைத்தள அலுவலகம் வைத்திருப்பவர் இந்த ஒரு வேறுபாட்டை எடைபோட்டாலே முடிவு கிடைத்துவிடும்.

அடுத்தது பசை. முறையின் ஒத்திசைவு நிற்பதும் உடைவதும் இங்கேதான். கார்ப்பெட் டைலுக்கென உள்ள பசை அழுத்தத்தால் பற்றும் வகை. உருளையால் மெல்லிய படலமாகப் பூசும்போது பால்வெள்ளையாக இருக்கும். காய்ந்ததும் கண்ணாடிபோல் தெளிந்து, தொட்டால் பிசுபிசுக்கும், கையில் ஒட்டி வராது. அந்த நிலையில் டைலை வைத்தால் பக்கவாட்டில் நகராது, மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். பிசுபிசுப்பு பல ஆண்டுகள் நிற்கும். தூக்கியதை மீண்டும் வைக்கலாம். நகர்வைத் தடுத்து எழுச்சிக்கு இடம் கொடுக்கும் இந்த ஒரு பண்பில்தான் கார்ப்பெட் டைலின் தத்துவம் முழுமையாக நிறைவேறுகிறது. தொழில்நுட்பச் சாதனை என்று சொல்லத் தகுந்தது இதுவே.

இதே பசை தெளிவதற்கு முன், வெள்ளையாக இருக்கும்போதே டைலை வைத்துவிட்டால் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். பசை ஒன்றுதான், பூசியவரும் ஒருவர்தான். அரைமணிப் பொறுமைதான் வேறுபாடு. சென்னையின் ஈரக்காற்றில் தெளிவதற்கு நேரம் கூடும், வேலையோ ஞாயிறு இரவுக்குள் முடிந்தாக வேண்டும். அதனால் அவசரம் வழக்கமாகிவிட்டது. இதைவிடக் கேடானது, தச்சுவேலைக்கான ரப்பர் பசையைத் தரை முழுக்கப் பூசிவிடுவது. 'கெட்டியாக நிற்கும்' என்று அதற்குச் சான்று சொல்கிறார்கள். நிற்கும். கிளப்பும்போது டைலின் அடிப்பாகம் இரண்டாகப் பிளந்து பாதி மொசைக்கிலேயே தங்கிவிடும். சுரண்டினால் பளிங்குச் சில்லும் சேர்ந்து வரும். முப்பது ஆண்டு நன்றாக இருந்த தரையை, ஏழெட்டு ஆண்டு பயனுக்காக வந்த ஒரு மேல்விரிப்பு அழித்துவிடுகிறது. இதை நான் கைத்திறக் குறையாகக் கருதவில்லை. கோட்பாட்டுப் பிழையாகவே கருதுகிறேன்: கிளப்ப முடியாதபடி ஒட்டிய சதுரங்களைவிடச் சுருள் கார்ப்பெட்டே மேல், அதில் இணைப்புகளாவது குறைவு. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் இந்தப் பிழை பெருமளவு குறையும். கடைசித் தவணை தருவதற்கு முன், வேலை கொடுத்தவர் கைகாட்டும் மூன்று சதுரங்களை வேலை செய்தவர் கிளப்பிக் காட்டி மீண்டும் வைக்க வேண்டும்.

பசையே இல்லாத வழியும் வந்திருக்கிறது. நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலையில் ஒட்டும் சிறு பாலியெஸ்டர்த் துண்டு ஒன்றை அடியில் வைத்து, டைல்களைத் தரையோடு இணைக்காமல் ஒன்றோடொன்று இணைப்பது. இன்டர்ஃபேஸ் இதை டேக்டைல்ஸ் என்ற பெயரில் பரப்பியது. பழைய தரையைத் தொடாமல் விடும் வகையில் இதற்கு நிகரில்லை. மெழுகுப் பிரச்சினையும் காரப் பிரச்சினையும் தாமாகவே விலகுகின்றன. குறை இதன் மிதக்கும் இயல்பில் உள்ளது. முழு விரிப்பையும் அசையாமல் வைப்பது சுவரோரத்து வெட்டின் துல்லியம்தான். ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டால் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலிகளின் ஓயாத இழுப்பில் எல்லாம் அந்தப் பக்கமாக ஊரும். சரிவுப் பாதைகளுக்கு இது ஆகாது. பரந்த, சதுரமான, ஸ்கர்ட்டிங் நேராக உள்ள கூடத்துக்கு முதல் தேர்வாக இதையே சொல்வேன். கோணல்மாணலான பழைய அறைகளுக்கு அழுத்தப் பசையே நம்பகமானது.

இடும் ஒழுங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தேர்ந்தவர் அறிந்ததுதான். சுவர் நேராக இருக்கும் என்று நம்பிச் சுவரிலிருந்து தொடங்குபவர் பத்தாவது வரிசையில் மாட்டிக்கொள்வார். அறையின் நடுவே குறுக்கும் நெடுக்கும் நூலடித்து, மூன்று, நான்கு, ஐந்து என்ற அளவில் மூலைமட்டம் சரிபார்த்து, நடுவிலிருந்து படிப்படியாக விரிவதே வழி. தொடக்கப் புள்ளியை முடிவுசெய்வதில்தான் அறிவு தெரியும். 5.2 மீட்டர் அகல அறையில் நடுக்கோட்டில் இணைப்பு வந்தால் இருபுறமும் ஐந்து முழு டைலும் 10 செ.மீ. கீற்றும் மிஞ்சும், அந்தக் கீற்று நிற்காது. தொடக்கத்தை அரை டைல் தள்ளி, நடுக்கோட்டின் மேல் ஒரு டைலின் மையம் வரும்படி வைத்தால் இருபுறமும் நான்கு முழு டைலும் 35 செ.மீ. வெட்டும் கிடைக்கும். மொசைக்கின் மேல் போடும்போது இன்னொரு கணக்கும் சேரும். 25 செ.மீ. மொசைக் டைலின் இணைப்புகளும் 50 செ.மீ. கார்ப்பெட் டைலின் இணைப்புகளும் ஒரே கோட்டில் விழுந்துவிட்டால், அடியிலுள்ள சிறு தூக்கல்கூட மேலே விளிம்பைக் கிளப்பும். அரை மொசைக் அளவு விலகும்படி நூலை அடித்தால் அந்தத் தூக்கல் டைலின் உடலுக்கடியில் அமுங்கிவிடும். இதைச் செய்பவர்கள் குறைவு. செய்த தரையும் செய்யாத தரையும் ஜன்னலோர வெளிச்சத்தில் தனித்தனியாகத் தெரியும்.

வடிவ அழகியலில் ஒரு வரலாற்றுத் திருப்பத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். டைலின் முதுகிலுள்ள அம்புக்குறிகள் எல்லாம் ஒரே திசை பார்த்தால் சுருள் கார்ப்பெட்டின் சாயல் வரும்; ஒன்றுவிட்டொன்று கால்வட்டம் திருப்பினால் சதுரங்கக் கட்டம் தெரியும். முதலாவது தன் இணைப்புகளை மறைக்க முயல்கிறது, மறைக்க முடிவதில்லை. இரண்டாவது அவற்றை ஒப்புக்கொள்கிறது. பெரிய பரப்பில் அலுப்பூட்டுகிறது. 2000இல் டேவிட் ஓக்கி வடிவமைப்பில் வந்த என்ட்ரோபி என்னும் கார்ப்பெட் டைல், காட்டுத் தரையில் இரண்டு இடம் ஒன்றுபோல் இல்லாமலும் முழுவதும் ஒன்றாகத் தோன்றுவதைப் பார்த்து, எந்தச் சதுரத்தையும் எந்தத் திசையிலும் வைக்கலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. இதன் மதிப்பு அழகோடு முடிவதில்லை. வெட்டி மிஞ்சிய துண்டு வேறெங்காவது பயன்படும். வேறு சாய வார்ப்பில் வந்த டைலும் கலந்துவிடும். ஐந்தாண்டு மங்கிய தரையில் புதுச் சதுரம் வைத்தால் கண்ணில் குத்தாது. மாற்றக்கூடியது என்ற வாக்கைக் கண்ணும் ஏற்கும்படி செய்த முதல் வடிவமைப்பு என்று இதைச் சொல்லலாம். ஒற்றை நிறத்தில் ஒரே திசையில் டைல் போட்டுவிட்டு, மாற்றிய சதுரம் மட்டும் பளிச்சென்று தெரிகிறதே என்று வருந்துபவர்கள், வடிவத்தைப் புரிந்துகொள்ளாமல் நிறத்தைத் தேர்ந்தவர்கள்.

ஒலி பற்றிய வாதத்தைச் சுருக்கமாக ஏற்றும் மறுத்தும் விடலாம். மொசைக்கில் செருப்புக் குதிகாலும் நாற்காலிச் சக்கரமும் எழுப்பும் ஓசையைக் கார்ப்பெட் டைல் நன்றாக அடக்கும். கீழ்மாடிக்காரர் உடனே உணர்வார். அறைக்குள் மோதித் திரும்பும் பேச்சொலியை அது உறிஞ்சுவது சிறு பங்கே. அந்தப் பொறுப்பு கூரைக்கும் சுவருக்கும் உரியது. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்கிறார்கள்.

மொசைக்குக்குச் சொன்னது எல்லாப் பழைய தரைக்கும் செல்லாது. நம் வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையும், காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியின் டைலும் வேறு இனம். ஆக்சைடு தரை கரணையால் இழைத்து மெருகேற்றிய சிமென்டுப் பூச்சு; பெரும்பாலும் தரைத்தளத்தில், மண்ணோடு ஒட்டிக் கிடப்பது. ஆத்தங்குடி டைல் கண்ணாடியின் மேல் வார்த்து, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பேறியது. இரண்டுமே ஈரத்தை வெளியேற்றிக்கொண்டு வாழ்பவை, வெறுங்காலுக்காகவும் தினசரித் துடைப்புக்காகவும் பிறந்தவை. எண்ணெய் ஊறிய பரப்பில் பசை பற்றாது. பற்றவைக்கத் தேய்த்தால் அந்தப் பரப்பின் சிறப்பே போய்விடும். மேலும் நம் வீட்டில் தரையைக் கூட்டித் தண்ணீரால் துடைப்பது அன்றாட ஒழுக்கம். கார்ப்பெட் டைலுக்கு வேண்டியது உறிஞ்சு துப்புரவுக் கருவி. துடைப்பம் மண்துகளை நூலின் அடிக்குத் தள்ளும், ஈரத்துணி அதைச் சேறாக்கும், அந்தத் துகள் நூலை அடியிலிருந்தே அறுக்கும். ஆகவே வீட்டின் ஆக்சைடு தரையிலும் ஆத்தங்குடித் தரையிலும் இந்த முறையை நான் முற்றாக நிராகரிக்கிறேன். மேலே சொன்ன பசையில்லா வழி அங்கேயும் உதவாதா என்று கேட்கலாம். பசைப் பிரச்சினையை அது தீர்க்கும், ஈரப் பிரச்சினையையும் துடைப்புப் பிரச்சினையையும் தீர்க்காது.

நேர் எதிரான வழக்கு அமெரிக்காவில் கிடைக்கிறது. அங்கே 1980க்கு முன் கட்டிய பள்ளிகளிலும் வீடுகளிலும் ஒன்பது அங்குலச் சதுர டைல்கள் ஏராளம். அவற்றில் பலவற்றிலும், அவற்றை ஒட்டிய கறுப்புத் தார்ப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. உடைத்தாலும் தேய்த்தாலும் நார் காற்றில் கலக்கும். கெட்டியாகக் கிடக்கும் வரை தீங்கில்லை. ஆகவே தேய்க்காமல், சுரண்டாமல், மேலே மூடிவிடுவது ஏற்கப்பட்ட வழி. இங்கே பழைய தரையைக் காப்பாற்ற யாரும் விரும்பவில்லை. ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட அளவுகோல் இன்னும் கண்டிப்பாகப் பொருந்துகிறது. கடும் பசையில் போட்ட கார்ப்பெட் டைலைப் பின்னாளில் கிளப்பினால் அடியிலுள்ள ஆஸ்பெஸ்டாஸ் டைலும் பெயர்ந்து உடையும். எதை மூடிவைக்க வந்ததோ அதையே திறந்துவிடும். மூலைத்துண்டு முறையின் முழு மதிப்பு இத்தகைய தரையில்தான் வெளிப்படுகிறது.

இப்போது மாற்றுகளோடு நிறுத்துப் பார்க்கலாம். மொசைக்கின் மேலேயே விட்ரிஃபைடு டைல் ஒட்டுவது இன்று பரவலான வழி. நீடிப்பிலும் கழுவுவதிலும் அது முந்துகிறது. கனமும் பசையும் சேர்ந்து ஒன்றரை செ.மீ. அளவுக்குத் தரையை உயர்த்திக் கதவுகளை அறுக்கவைக்கும், தளத்துக்கு நிரந்தரப் பாரம் ஏற்றும், மொசைக்கை மீளவே விடாது. கார்ப்பெட் டைலில் கதவின் அடியை ஒரு நூல் இழைத்தால் பெரும்பாலும் போதும். வினைல் பலகைகள் நீருக்கு அஞ்சாதவை. ஆனால் அடித்தளத்தின் ஒவ்வொரு தூக்கலையும் கார்ப்பெட்டைவிட இரக்கமின்றி மேலே காட்டும். உண்மையான போட்டியாளர் இவை எதுவும் அல்ல, அடியில் கிடக்கும் மொசைக்கேதான். கல் போட்டுத் தேய்த்து, ஓட்டைகளை நிரப்பி, மெருகேற்றினால் அது மறுபடி பல ஆண்டுகளுக்குப் புதுத் தரை. மேலே ஏதாவது போடலாமா என்று கேட்கும் முன் ஒரு மூலையில் பத்துச் சதுர அடி தேய்த்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லாதது பெருங்குறை. அப்படித் தேய்த்துக் காட்டிய பிறகும் கார்ப்பெட் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஒலியும் கால்மென்மையும் கம்பி மறைப்பும் காரணமாக இருக்கும். அவை நியாயமான காரணங்கள்.

ஆகவே என் தீர்ப்பு இடத்தைப் பொறுத்துப் பிரிகிறது. மேல்மாடி அலுவலகம், மெழுகு நீக்கி விரிசல் அடைத்த மொசைக், நைலான் டைல், தெளிந்தபின் வைத்த அழுத்தப் பசை அல்லது மூலைத்துண்டு, திசையற்ற வடிவமைப்பு, உறிஞ்சு கருவியால் பராமரிப்பு: இந்தச் சேர்க்கையில் முறை தன் வாக்கை முழுமையாக நிறைவேற்றுகிறது, தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். இவற்றில் டைலின் தரத்தைக் குறைத்தால் அது சுமார் வேலையாகும். பசையை மாற்றினால் கெட்ட வேலையாகும். தரைத்தளத்தில் ஒரு மழைக்காலச் சோதனை கடந்த பின்னரே ஏற்கலாம், வெள்ளம் ஏறும் தெருக்களில் அப்போதும் வேண்டாம். அலுவலகத்துக்குள்ளேயே நடைவழி, லிஃப்ட் முகப்பு, சாப்பாட்டுக்கூடம் ஆகிய மூன்றையும் தேய்த்து மெருகேற்றிய மொசைக்காகவே விட்டு, உட்கார்ந்து வேலை செய்யும் பரப்புக்கு மட்டும் டைல் போடுவது, முழுத் தளத்தையும் சுவருக்குச் சுவர் மூடுவதைவிட எல்லா வகையிலும் மேலான திட்டம். மணல் துகள் நடைவழியிலேயே உதிர்ந்துவிடும். டைல் கூடுதல் ஆண்டுகள் உழைக்கும். இரண்டு தரைக்கும் நடுவே வரும் 6 மி.மீ. உயர வேறுபாட்டுக்குச் சரிவான அலுமினியப் பட்டை ஒன்று போதும்.